மூலநூலைப் படித்துவிட்டுத்தான் நடிக்க வேண்டுமா?

புகழ்பெற்ற நாவல் ஒன்று தொலைக்காட்சித் தொடராக வரும்போதெல்லாம் நேயர்களிடையே தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இவர் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் நடிக்கிறாரா?" என்பதே அது. நடிப்பு பிடித்துவிட்டால் இந்தக் கேள்வி பாராட்டாக வரும். பிடிக்காவிட்டால் குற்றச்சாட்டாக வரும். நாவலின் வாசகர்கள் பாத்திரத்தைத் தங்கள் வீட்டுப் பிள்ளையைப் போல் அறிந்து வைத்திருப்பார்கள். அதன் நடை தவறினாலும், உடை தவறினாலும் அவர்களுக்குப் பொறுக்காது.

நடிகர்கள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். மூலநூலை வரிவரியாகப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு படப்பிடிப்புக்கு வருவோர் ஒரு சாரார். தங்கள் கையில் கொடுக்கப்பட்டது வசனப் பிரதிதான், நடிக்க வேண்டியதும் அதைத்தான், புத்தகம் குழப்பவே செய்யும் என்று ஒதுக்கிவைப்போர் இன்னொரு சாரார். இரு தரப்பிலும் பெரிய நடிகர்கள் இருக்கிறார்கள். ஆகவே "படித்தவர் நல்ல நடிகர், படிக்காதவர் சோம்பேறி" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

ஒன்றை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நாவல் வேறு, திரைக்கதை வேறு, திரையில் கடைசியாக நாம் பார்ப்பது வேறு. நாவலாசிரியர் பத்துப் பக்கம் எழுதிய மனப் போராட்டத்தைத் திரைக்கதை ஆசிரியர் இரண்டு வரியில் முடிப்பார். இயக்குநர் அந்த இரண்டு வரியையும் நீக்கிவிட்டு, நடிகர் சன்னல் வழியே வெளியே பார்ப்பதுபோல் ஒரு காட்சி வைப்பார். அந்தப் பார்வைக்குள் பத்துப் பக்கமும் இருக்க வேண்டும் என்றால், அந்தப் பத்துப் பக்கம் நடிகருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? படிக்க வேண்டும் என்போரின் வாதம் இங்கேதான் தொடங்குகிறது.

பொய்ரோவின் கைக்குட்டை

இதற்கு எடுத்துக்காட்டாக முதலில் சொல்லப்பட வேண்டியவர் இங்கிலாந்து நடிகர் டேவிட் சூஷே. அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளர் எர்க்யூல் பொய்ரோவாக 1989 முதல் 2013 வரை 70 அங்கங்களில் அவர் நடித்தார். 1920-இல் வெளிவந்த முதல் நாவலிலிருந்து கிறிஸ்டி எழுதிய பொய்ரோ கதைகள் ஏறக்குறைய அனைத்தும் அவர் நடிப்பில் படமாகிவிட்டன.

சூஷேவுக்கு முன் உலகம் அறிந்திருந்த பொய்ரோக்களில் ஒருவர் பீட்டர் உஸ்தினோவ். அவர் ஆறு முறை அந்த வேடத்தை ஏற்றவர். ஆனால் கிறிஸ்டி எழுதிய பொய்ரோ ஐந்தடி நான்கு அங்குல உயரம். முட்டை வடிவத் தலை. உடையில் ஒரு தூசு பட்டால் துடித்துப்போகும் சுபாவம். உஸ்தினோவோ பருத்த உடலும் கலைந்த தலையும் தாராளச் சிரிப்பும் கொண்டவர். கிறிஸ்டியின் மகள் ரோசலிண்ட் ஹிக்ஸ் அவரைப் பார்த்து, பொய்ரோ இப்படி இருக்கவே மாட்டார் என்று சொன்னதாகவும், இனிமேல் இப்படித்தான் இருப்பார் என்று உஸ்தினோவ் பதில் கொடுத்ததாகவும் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. படிக்காத கட்சியின் மொத்த வாதமும் அந்தப் பதிலில் அடங்கிவிடுகிறது. வேடம் நடிகனுக்குச் சொந்தம் என்பதே அது. உஸ்தினோவின் பொய்ரோவை இன்றும் விரும்பிப் பார்ப்போர் உண்டு என்பதையும் மறுக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், 1985-இல் உஸ்தினோவ் பொய்ரோவாக நடித்த தொலைக்காட்சிப் படம் ஒன்றில் இன்ஸ்பெக்டர் ஜாப் வேடத்தில் நடித்தவர் இதே டேவிட் சூஷேதான். தம் வாழ்நாளில் தாம் செய்த மோசமான நடிப்பு அதுவே என்று அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

பொய்ரோ வேடம் தம்மைத் தேடி வந்ததும் சூஷே கிறிஸ்டியின் கதைகளை எடுத்துவைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். படிக்கப் படிக்க, பாத்திரத்தைப் பற்றிய தகவல்களை எண் போட்டு எழுதிக்கொண்டார். பட்டியல் 93 வரை நீண்டது. பொய்ரோ பெல்ஜியம் நாட்டவர், பிரெஞ்சுக்காரர் அல்லர் என்பதில் தொடங்கி, தேநீரிலும் காப்பியிலும் எத்தனை சர்க்கரைக் கட்டி போட்டுக்கொள்வார் என்பது வரை அதில் இருந்தது. படப்பிடிப்புத் தளத்திற்கு அந்தப் பட்டியலோடுதான் அவர் வருவார்.

பட்டியல் போடுவது எளிது, அதை உடம்பில் ஏற்றுவதுதான் கடினம். பொய்ரோவின் நடை சிறு சிறு அடிகளாக, விரைவாக இருக்கும் என்று கிறிஸ்டி எழுதியிருந்தார். அந்த நடை சூஷேவுக்கு வரவில்லை. பழம்பெரும் நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் சொன்ன உத்தி ஒன்று அவருக்கு நினைவுக்கு வந்தது. பின்புறத்தில் ஒரு நாணயத்தை இடுக்கிக்கொண்டு அது விழாதபடி தோட்டத்தில் நடந்து நடந்து பழகினார். குரலுக்காகப் பெல்ஜிய நாட்டவர் பிரெஞ்சு பேசும் ஒலிப்பதிவுகளைக் கேட்டார். நெஞ்சிலிருந்து வரும் தம் கனத்த குரலைத் தலைக்கு ஏற்றினார். மூளையால் வாழும் மனிதருக்குக் குரலும் அங்கிருந்துதான் வர வேண்டும் என்பது அவர் கணக்கு.

முதல் தொடரின் படப்பிடிப்பிலேயே சிக்கல் வந்தது. பூங்கா இருக்கை ஒன்றில் பொய்ரோ உட்கார வேண்டும். உட்காருமுன் கைக்குட்டையை எடுத்து இருக்கையில் விரித்துவிட்டே பொய்ரோ உட்காருவார் என்றார் சூஷே. அது கேலிக்கூத்தாக இருக்கும், வேண்டாம் என்றார் இயக்குநர். சூஷே விடவில்லை. வேலை நின்றது. தயாரிப்பாளர் வரை விவகாரம் போய், கடைசியில் சூஷே பக்கமே தீர்ப்பானது. கைக்குட்டை விரிக்கப்பட்டது.

ஒரு கைக்குட்டைக்கு இவ்வளவு பிடிவாதமா என்று தோன்றலாம். தொடரின் தொடக்கத்தில் பெயர் நிலைபெறாத நடிகர் ஒருவர் இயக்குநரோடு மோதுவது சின்ன விஷயம் அல்ல. வேடமே கைநழுவிப் போயிருக்கலாம். ஆனால் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் அடுத்த அங்கத்தில் மீசை, அதற்கடுத்ததில் நடை என்று ஒவ்வொன்றாகப் போயிருக்கும். இயக்குநர்கள் அங்கத்துக்கு அங்கம் மாறுவார்கள், திரைக்கதை ஆசிரியர்களும் மாறுவார்கள். இருபத்து நான்கு ஆண்டுகள் மாறாமல் இருக்கப்போகிறவர் அந்த நடிகர் மட்டும்தான். நீண்ட தொடர்களில் பாத்திரத்தின் காவல்காரர் நடிகரே. காவல்காரருக்கு வீட்டின் வரைபடம் தெரிந்திருக்க வேண்டும்.

படப்பிடிப்புக்கு முன் ரோசலிண்ட் ஹிக்ஸ் சூஷேவை விருந்துக்கு அழைத்திருந்தார். தாயின் படைப்புகளைக் கட்டிக் காத்துவந்தவர் அவர். நேயர்கள் பொய்ரோவோடு சேர்ந்து சிரிக்கலாம், பொய்ரோவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கைக்குட்டை விரிப்பதைப் பார்த்து மக்கள் சிரித்தார்கள்தான். ஆனால் அதைச் செய்தவர் அதில் வேடிக்கை எதையும் காணவில்லை. தமக்கு அது இயல்பு என்பதுபோல் செய்தார். அந்த வேறுபாட்டைப் பட்டியல் சொல்லித் தராது. பலமுறை படித்தால் மட்டுமே பிடிபடும்.

கோமாளியாக்கப்பட்ட மருத்துவர்

புத்தகத்தைப் படிக்காமல் முந்தைய படங்களைப் பார்த்து நடிப்பதால் என்ன கேடு வரும் என்பதற்கு டாக்டர் வாட்சன் சாட்சி. ஆர்தர் கானன் டாயில் எழுதிய ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் வாட்சன் ஆப்கானிஸ்தான் போரில் காயமடைந்து திரும்பிய இராணுவ மருத்துவர். துணிச்சல்காரர், பெண்களிடம் மரியாதை உள்ளவர், நல்ல எழுத்தாளர். 56 சிறுகதைகளிலும் நான்கு நாவல்களிலும் பெரும்பாலானவற்றை நமக்குச் சொல்பவரே அவர்தான். ஆனால் 1939 முதல் 1946 வரை பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்து வந்த 14 படங்களில் நைஜல் புரூஸ் வாட்சனை உளறிக்கொட்டும் கிழவராக்கிவிட்டார். படங்கள் வெற்றி பெற்றன. அதன் விளைவாகப் பல்லாண்டுக் காலம் வாட்சன் என்றாலே அசட்டுச் சிரிப்பு என்றாகிவிட்டது. இப்படி ஓர் அசடு எழுதிய கதைகளையா உலகம் படித்துக்கொண்டிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

1984-இல் இங்கிலாந்தின் கிரானடா தொலைக்காட்சி ஹோம்ஸ் கதைகளை எடுக்க முன்வந்தபோது அந்தப் பழக்கத்தை உடைத்தது. முதலில் டேவிட் பர்க், பிறகு எட்வர்ட் ஹார்ட்விக் இருவரும் வாட்சனுக்கு அவருடைய அறிவையும் கண்ணியத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. புத்தகத்தைத் திறந்ததே போதுமானதாக இருந்தது.

அந்தத் தொடரில் ஹோம்ஸாக நடித்தவர் ஜெரமி பிரெட். 1994 வரை 41 அங்கங்கள். ஹோம்ஸ், வாட்சன் இருவரின் தோற்றம், பழக்கவழக்கம், உண்பது, குடிப்பது அனைத்தையும் மூலக் கதைகளிலிருந்து திரட்டிய 77 பக்கக் கோப்பு ஒன்று படப்பிடிப்புத் தளத்தில் எப்போதும் பிரெட்டின் அருகில் இருக்கும். வசனப் பிரதி கைக்கு வந்ததும் கானன் டாயிலின் கதையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். மூலத்தில் இல்லாதது பிரதியில் நுழைந்திருந்தால் கேள்வி கேட்பார். திரைக்கதை எழுதுபவருக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்பதை யாரும் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே பிரெட்தான் மூலத்தை மீறவும் செய்தார். கானன் டாயிலின் ஹோம்ஸ் கோக்கெய்ன் பழக்கம் உள்ளவர். தொடரைச் சிறுவர்களும் விரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தபோது பிரெட்டுக்கு அது உறுத்தியது. கானன் டாயிலின் மகள் ஜீன் கானன் டாயிலிடம் அனுமதி பெற்றார். 1988-இல் ஒளிபரப்பான அங்கம் ஒன்றில் ஹோம்ஸ் தம் ஊசியைக் கடற்கரை மணலில் புதைத்துவிடுகிறார். மூலக்கதையில் இந்தக் காட்சி இல்லை. எங்கே மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம், யாரிடம் கேட்டுவிட்டு மாற்ற வேண்டும் என்று அறிந்து மாற்றுவது ஒன்று. மூலத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் மாற்றுவது இன்னொன்று. பிரெட் செய்தது முதலாவது.

இத்தனை ஈடுபாட்டுக்கும் விலை இல்லாமல் இல்லை. பிரெட் மனநலக் குறைவால் அவதிப்பட்டவர். அந்தப் பாத்திரம் தம்மீது கவிந்துவிடுவதைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஒரு கட்டத்தில் ஹோம்ஸின் பெயரைச் சொல்வதையே தவிர்த்தார். நோய்க்கு வேடம்தான் காரணம் என்று சொல்வதற்கில்லை. என்றாலும், ஒரு பாத்திரத்தைப் பத்தாண்டுகள் ஆழமாகப் படித்துக்கொண்டே இருப்பது எல்லாருடைய உடம்புக்கும் மனத்துக்கும் ஒத்துவரும் என்று எண்ணிவிடக் கூடாது. 1995-இல் தம் 61-ஆவது வயதில் அவர் காலமானார்.

கதை யார் கண் வழியே வருகிறது?

பொய்ரோவுக்கும் ஹோம்ஸுக்கும் மூலநூல் இவ்வளவு கைகொடுத்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. ஹோம்ஸை நமக்குக் காட்டுபவர் வாட்சன். பல கதைகளில் பொய்ரோவைக் காட்டுபவர் கேப்டன் ஹேஸ்டிங்ஸ். பக்கத்தில் நின்று பார்த்தவர் சொன்ன கதை என்பதால் நடை, கை அசைவு, குரல், சாப்பாடு எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். நடிகருக்கு வேண்டியதும் அவைதான்.

இதற்கு மாறாக, ஜேன் ஆஸ்டின் எழுதிய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் டார்சி பெரும்பாலும் எலிசபெத்தின் கண்ணில் படும் அளவுக்குத்தான் தெரிகிறார். அவர் தனியே இருக்கும்போது என்ன நினைத்தார் என்பது அநேகமாக இல்லை. 1995-இல் பிபிசி அதை ஆறு அங்கத் தொடராக எடுத்தபோது திரைக்கதை ஆசிரியர் ஆண்ட்ரூ டேவிஸ் டார்சிக்கென்று தனிக் காட்சிகளை எழுதிச் சேர்த்தார். கோலின் ஃபர்த் குளத்தில் குதித்துவிட்டு நனைந்த சட்டையோடு நடந்து வருவதுதான் அந்தத் தொடரில் எல்லாருக்கும் நினைவிருக்கும் காட்சி. நாவலைத் தலைகீழாகப் புரட்டினாலும் அது கிடைக்காது. அந்த இடத்தில் நடிகருக்கு வழிகாட்டியது திரைக்கதைதான்.

ஜான் லெ காரேயின் உளவு நாவல் 1979-இல் பிபிசியில் ஏழு அங்கத் தொடராக வந்தபோது ஜார்ஜ் ஸ்மைலி வேடம் சர் அலெக் கின்னஸிடம் வந்தது. ஸ்மைலி குட்டையானவர், பருமனானவர் என்று நாவலாசிரியர் எழுதிவைத்திருந்தார். கின்னஸ் அதைப் படித்துவிட்டுத் தயங்கினார். தம்மிடம் அந்தப் பருமன் இல்லையே என்று ஆசிரியருக்கே எழுதினார். பிறகு, உண்மையான உளவாளி ஒருவரைத் தமக்கு அறிமுகப்படுத்த முடியுமா என்று கேட்டார். பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவுத் துறையின் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற சர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு ஒரு மதிய உணவுக்கு லெ காரே ஏற்பாடு செய்தார். சாப்பாட்டு மேசையில் கின்னஸ் அந்த மனிதரின் சட்டைக்கைப் பொத்தான்களையும், குடையையும், மதுக்கிண்ணத்தின் விளிம்பில் விரலை ஓட்டும் விதத்தையும் கவனித்துக்கொண்டே இருந்தாராம். நாவல் தராததை மனிதரிடமிருந்து எடுத்துக்கொண்டார். கடைசியில் நடந்தது இன்னும் விந்தை. கின்னஸைத் திரையில் பார்த்த பிறகு, ஸ்மைலியைப் பற்றி நினைத்தாலே கின்னஸின் முகமும் குரலுமே வருவதாகப் படைத்தவரே சொல்லும் நிலை வந்துவிட்டது. பாத்திரம் கைமாறிவிட்டது.

புத்தகமே தடையாகும்போது

படிக்காத கட்சிக்கு வலுச் சேர்த்தது 2011 முதல் 2019 வரை எச்பிஓ ஒளிபரப்பிய 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையின் முதல் நூல் 1996-இல் வந்தது, ஐந்தாவது 2011-இல் வந்தது. நடிகர்களில் சிலர் நூல்களைப் படித்தனர், சிலர் வேண்டுமென்றே தொடவில்லை. தொடாதவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. நாவலில் ஜான் ஸ்னோவும் ராப் ஸ்டார்க்கும் 14 வயதுச் சிறுவர்களாகத்தான் அறிமுகமாகிறார்கள். டினேரிஸுக்கு 13 வயது. திரையில் நடித்தவர்களோ இருபதைத் தாண்டிய இளைஞர்கள். பதினான்கு வயதுப் பையனின் அச்சத்தைப் படித்து வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வது?

ராப் ஸ்டார்க் நாவலில் மணக்கும் பெண் ஒருத்தி, தொடரில் மணக்கும் பெண் வேறொருத்தி. தொடரில் வரும் டாலிசா என்ற பாத்திரம் நாவலில் கிடையவே கிடையாது. அந்த வேடத்தில் நடித்த ஊனா சாப்ளின் ஐந்து நூலையும் படித்திருந்தாலும் தம்மைப் பற்றி ஒரு வரியைக்கூடக் கண்டிருக்க மாட்டார். ராப் ஸ்டார்க்காக நடித்த ரிச்சர்ட் மேடன் அந்தந்தப் பருவத்துக்கான நூலை மட்டும் அவ்வப்போது படித்துவந்ததாகக் கூறியிருக்கிறார். தம் பாத்திரத்துக்கு என்ன நேரப்போகிறது என்பதை முன்கூட்டியே மனத்தில் சுமக்க அவர் விரும்பவில்லை. ஆனால் நூலைப் படித்துவிட்ட இரசிகர்கள் விடுவார்களா? வழியில் கண்டவர்களெல்லாம் அவர் பாத்திரத்தின் சாவைப் பற்றிச் சொல்லி வைத்துவிட்டார்கள். 2013 ஜூனில் அந்தத் திருமண விருந்துக் கொலைக்காட்சி ஒளிபரப்பானபோது படிக்காத நேயர்கள் உறைந்துபோனார்கள். மேசையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்த பாத்திரத்துக்கு எதுவும் தெரியாது என்பதுதான் அந்தக் காட்சியின் உயிர். தெரிந்த நடிகர் தெரியாததுபோல் இருப்பது கலைதான். ஆனால் சிலருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருப்பது எளிதாக இருக்கிறது.

2016 வாக்கில் தொடர் நூல்களை முந்திச் சென்றுவிட்டது. 2019-இல் கடைசி அங்கம் வெளிவந்தபோதும் ஆறாவது நூல் வரவில்லை. படிக்க வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லாமல் போயிற்று.

முடிவு தெரிந்திருப்பது எப்போதும் சுமை என்றும் சொல்லிவிட முடியாது. திரைப்படத்திலிருந்து ஓர் உதாரணம். ஹாரி பாட்டர் படங்களில் ஸ்நேப்பாக நடித்த ஆலன் ரிக்மனிடம், கடைசி நூல்கள் வெளிவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பாத்திரத்தைப் பற்றிய ஓர் இரகசியத்தை எழுத்தாளர் ஜே. கே. ரௌலிங் சொல்லிவைத்தார். ரிக்மன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அச்சில் வராத அந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டே வில்லன் போன்ற ஒருவரின் கண்ணில் வேறொன்றையும் ஒளித்துவைத்தார்.

எந்த மூலநூல்?

நம் இதிகாசங்களுக்கு வரும்போது கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை தூர்தர்ஷனில் 78 அங்கங்களாக வந்தது. வால்மீகியோடு துளசிதாசரும் கம்பரும் இன்னும் பிற மொழி இராமாயணங்களும் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. இராமாயணத்தைப் படித்துவிட்டு வா என்று ஒரு நடிகரிடம் சொன்னால், அவர் எதைப் படிப்பார்?

இராவணன் சீதையைக் கவரும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரில் அவன் சீதையைத் தீண்டுவதில்லை, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். இலக்குவன் கிழித்த கோடு என்று எல்லாரும் சொல்கிறோமே, அது வால்மீகியில் இல்லை. இராவணனாக நடிப்பவர் வால்மீகியைப் படித்திருந்தால் அவர் கை நீளும். கம்பரைப் படித்திருந்தால் அவர் கை பின்வாங்கும். ஒரே காட்சி, இரண்டு வேறு மனிதர்கள். இங்கே நடிகர் எவ்வளவு படித்தார் என்பதைவிட, திரைக்கதை எந்த மூலத்தைப் பின்பற்றுகிறது என்பதை அறிந்து அதைப் படித்தாரா என்பதே முக்கியம். கம்பரைக் கேட்டு வளர்ந்த நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தக் காட்சியைக் கண்டு முகம் சுளித்தால், தவறு நடிகர்மீது இல்லாமலும் இருக்கலாம்.

அதே 1988-இல் தூர்தர்ஷனில் வந்த 'தமஸ்' இன்னொரு விதம். நாட்டுப் பிரிவினைக் கலவரத்தைப் பற்றிப் பீஷ்ம சாஹ்னி எழுதிய இந்தி நாவலைக் கோவிந்த் நிஹலானி இயக்கினார். ஓம் பூரி முதலானோர் நடித்தனர். நாவலாசிரியர் சாஹ்னியும் வீடிழந்து ஓடும் முதிய சீக்கியர் வேடத்தில் உடன் நடித்தார். 1947-இல் ராவல்பிண்டிக் கலவரத்தின் அழிவை நேரில் கண்டவர் அவர். மூலநூலே வேடம் பூண்டு பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்றால், புத்தகத்தைப் படித்தீர்களா என்று மற்ற நடிகர்களிடம் தனியே கேட்க வேண்டியதில்லை. ஒளிபரப்பைத் தடுக்க வழக்குத் தொடரப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், தொடருக்கு ஆதரவாகத் தீர்ப்பானது.

படிக்கும் முறை

படிப்பதென்று முடிவு செய்த நடிகர் எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு நடிப்புப் பயிற்சியில் பழைய முறை ஒன்று இருக்கிறது. தாளை மூன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒரு பக்கம். மற்றவர்கள் அதைப் பற்றிச் சொல்வது ஒரு பக்கம். ஆசிரியர் தாமே சொல்வது இன்னொரு பக்கம். மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நடிப்பதற்கு ஏதோ இருக்கிறது. தன்னைத் துணிச்சல்காரன் என்று சொல்லிக்கொள்பவனை ஊர் கோழை என்கிறது என்றால், அந்த இடைவெளியை முகத்தில் கொண்டுவர வேண்டும்.

படப்பிடிப்பு கதையின் வரிசையில் நடப்பதில்லை என்பதும் நேயர்கள் பலருக்குத் தெரியாத செய்தி. ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தால் அந்த வீட்டில் நடக்கும் எல்லாக் காட்சிகளையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். காலையில் இறுதி அங்கத்தின் அழுகை, மாலையில் முதல் அங்கத்தின் காதல் என்று வரும். நாவலை முழுதாக உள்வாங்கியவருக்குத் தாம் கதையின் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது உடனே பிடிபடும். மற்றவர்கள் இயக்குநரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். வசனத் தாள் அன்றைக்குக் காலையில்தான் கைக்கு வருகிறது என்ற நிலையில் ஓடும் அன்றாடத் தொடர்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே நடிகரைக் காப்பது நினைவாற்றல் ஒன்றுதான்.

சூஷே பொய்ரோவின் முடிவை முதலிலேயே படித்தவர். பொய்ரோ இறக்கும் நாவலை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டிவைத்திருந்த கிறிஸ்டி, தாம் மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1975-இல்தான் அதை வெளியிட்டார். கடைசிப் பருவத்துக்கு வந்தபோது, அந்தச் சாவுக் கதையை முதலில் படமாக்கிவிடலாம் என்ற ஏற்பாடு நடந்தது. பொய்ரோவைச் சாகடித்துவிட்டுத் தாம் வீட்டுக்குப் போக வேண்டாம் என்பது சூஷேவின் விருப்பம். அப்படியே மரணக் காட்சி முதலில் எடுக்கப்பட்டது. நாற்காலியில் சுருங்கிப்போன அந்தக் கிழவர் மறுபடி எழுந்து, உடல் பருமனுக்கான பஞ்சுறையைக் கட்டிக்கொண்டு, மீசையை முறுக்கி ஒட்டிக்கொண்டு மற்றக் கதைகளை நடித்து முடித்தார். எல்லாவற்றுக்கும் கடைசியாக எடுக்கப்பட்ட படப்பிடிப்பு, டெவன் மாவட்டத்தில் அகதா கிறிஸ்டி வாழ்ந்த கிரீன்வே மாளிகையில் நடந்தது. பொய்ரோவின் ஒப்பனையோடு, சிறு சிறு அடிகள் வைத்து, அவரைப் படைத்த அம்மையாரின் வீட்டு வாசலை நோக்கி அவர் நடந்து வந்தார்.